தோற்ற தேர்தல்களின் பெட்டிகளை முதலில் திறங்கள்

சான் பிரான்சிஸ்கோவில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோர்) தேர்தல் அரசியலுக்குள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான ஹார்வி மில்க் நகர நிர்வாகக் குழுவுக்கு ஜெயித்த 1977ஆம் ஆண்டிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். நான் அந்த ஊருக்கு ரயிலில் போய்வரும் தூரத்தில்தான் பல வருடங்களாக இருக்கிறேன், எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. கொஞ்ச காலமாக, வேலையில் விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் அங்குள்ள ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து அந்தக் காலத்துத் தேர்தல் துண்டறிக்கைகள், கடிதங்கள், கணக்குத் தாள்கள், வாக்கு எண்ணிக்கை அட்டவணைகள் எல்லாவற்றையும் படித்து வருகிறேன். ஜெயித்த வருடத்தின் காகிதங்களைவிட, அதற்கு முன்னால் தோற்ற வருடங்களின் காகிதங்கள்தான் எனக்கு அதிகம் சொல்லித் தந்தன. அதைப் பற்றியும், இப்படியொரு காப்பகத்தை எப்படிப் பயன்படுத்துவது, நம் ஊரில் இதே வேலையை யார் எங்கே தொடங்கலாம் என்பது பற்றியும் எழுதுகிறேன்.

இதில் இறங்கியதற்குக் காரணம் என் தோழி. திருநங்கை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அவள் தன் வார்டில் சுயேச்சையாக நின்றாள், தோற்றாள். நோட்டீஸ் வாசகம் எழுத நானும் இங்கிருந்தே உதவினேன். ஒரு வருடம் கழித்து, வேறொரு ஊரில் நிற்க ஆசைப்பட்ட இன்னொரு திருநங்கை அந்த நோட்டீஸைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அவளிடம் ஒன்றுகூட இல்லை. "எல்லாத்தையும் கொடுத்துத் தீர்த்தாச்சுக்கா, மிச்சம் இருந்தது மழையில போச்சு" என்றாள். அச்சுக்கடைக்காரரும் கோப்பை அழித்துவிட்டார். ஒரு வருடத்துக்குள்ளேயே ஒரு தேர்தல் மொத்தமாகக் காணாமல் போய்விட்டது. அப்படியானால் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய காகிதத்தை இந்த ஊர்க்காரர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதற்குப் பயந்தே போவதில்லை. ஆராய்ச்சிப் பட்டமோ பல்கலைக்கழக அடையாள அட்டையோ எதுவும் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தின் மத்தியக் கட்டடம் 1996இல் திறந்தபோதே அதற்குள் பால்புதுமையினருக்கென்று ஒரு மையத்தையும் திறந்தார்கள். ஜேம்ஸ் ஹார்மெல் பெயரில் இருக்கிறது. பின்னாளில் லக்சம்பர்க் நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகப் போன, வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் அவர். அந்த மையத்தின் கையெழுத்துப் பிரதிகளையும் பெட்டிகளையும் ஆறாம் தளத்தில் இருக்கும் நகர வரலாற்றுப் பிரிவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நகர மக்களின் வரிப்பணத்தில் ஓடும் பொது நூலகம், யார் வேண்டுமானாலும் போகலாம். பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான், ஒரு நேரத்தில் ஒரு உறையைத்தான் வெளியே எடுக்கலாம். சில பெட்டிகள் வேறு கிடங்கில் இருக்கும், முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் வந்து சேரும். அதனால் போவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். எந்தப் பெட்டி, எந்த உறை என்று எண்ணோடு கேட்டால் அந்த நாள் வீணாகாது.

அந்த எண்களை எங்கிருந்து எடுப்பது? ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஒரு விவரப்பட்டியல் தயாரித்திருப்பார்கள். கலிஃபோர்னியா முழுக்க உள்ள காப்பகங்களின் பட்டியல்களை 'ஆன்லைன் ஆர்கைவ் ஆஃப் கலிஃபோர்னியா' என்ற ஒரே தளத்தில் தேடலாம், இலவசம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லும் பகுதிக்கு எல்லோரும் நேராகப் போய்விடுவார்கள். நான் அதற்கு முன்னால் இருக்கும் சின்னப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன், அதாவது இந்தக் காகிதங்கள் யாரிடம் இருந்தன, யார் எப்போது கொடுத்தார்கள் என்ற பத்தி. பாதி வரலாறு அதற்குள் இருக்கிறது.

மில்க் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பின் பெயர் 'ஹார்வி மில்க் ஆவணங்கள் – ஸ்காட் ஸ்மித் சேகரிப்பு'. ஸ்காட் ஸ்மித் மில்க்கின் துணைவராக இருந்தவர், காஸ்ட்ரோ தெருவில் இருவரும் சேர்ந்துதான் கேமரா கடை நடத்தினார்கள், அந்தக் கடையேதான் பிரசார அலுவலகமும். 1978 நவம்பர் 27 அன்று மில்க்கையும் மேயர் ஜார்ஜ் மஸ்கோனியையும் நகர மண்டபத்துக்குள்ளேயே டான் வைட் சுட்டுக் கொன்றான். அதற்கு முன்பே இருவரும் பிரிந்திருந்தார்கள், ஆனாலும் மில்க் விட்டுச்சென்றதையெல்லாம் ஸ்மித்தான் கட்டிக் காத்தார். 1995இல் ஸ்மித் இறந்தபோது அது அவருடைய தாயாரின் கைக்கு வந்தது. அவர் தூக்கிப் போடவில்லை. காகிதங்கள் பொது நூலகத்துக்கும், சுடப்பட்டபோது மில்க் அணிந்திருந்த சூட்டு உட்பட பொருட்கள் பால்புதுமையினரின் வரலாற்றைச் சேகரிக்கும் ஜிஎல்பிடி வரலாற்றுச் சங்கத்துக்கும் போயின. மகனை இழந்த ஒரு தாய் அந்தப் பெட்டிகளை என்ன செய்வது என்று எடுத்த முடிவினால்தான் இன்று என்னைப் போன்ற ஒருத்தி அதைத் தொட்டுப் படிக்க முடிகிறது. இதை நினைக்காமல் எனக்கு ஒரு உறையையும் திறக்க வருவதில்லை.

இப்போது அந்தத் தோல்விகளுக்கு வருகிறேன். நகர நிர்வாகத்தில் மேயருக்கு அடுத்ததாக சூப்பர்வைசர்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, பதினோரு பேர். மில்க் முதலில் நின்றது 1973இல். 32 வேட்பாளர்களில் பத்தாவதாக வந்தார், ஏறத்தாழ 16,900 வாக்குகள். 1975இல் மறுபடி நின்று ஏழாவது இடம், ஆறு இடங்கள்தான் காலி, ஒரே ஒரு படியில் போய்விட்டது. 1976இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று நாலாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். 1977 நவம்பரில்தான் வெற்றி. இதை வரிசையாகச் சொன்னால் விடாமுயற்சியின் கதை மாதிரி இருக்கும், அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள், அது பாதி உண்மைதான். மற்ற பாதி வாக்கு எண்ணிக்கை அட்டவணையில் இருக்கிறது. 1973இலும் 75இலும் சூப்பர்வைசர்களை ஊர் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறை, அதாவது நகரம் முழுக்கத் தெரிந்த முகமும் பணமும் இருந்தால்தான் ஜெயிக்க முடியும். ஆனால் வாக்குகளைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தால், 1973இலேயே தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் வாழ்ந்த காஸ்ட்ரோ பகுதியில் மில்க் அள்ளியிருக்கிறார். அன்றைக்கே பகுதிவாரித் தேர்தல் இருந்திருந்தால் அன்றைக்கே அவர் உறுப்பினர். 1976 நவம்பரில் வாக்காளர்கள் அந்த முறையை மாற்றினார்கள், அடுத்த வருடம் ஐந்தாம் மாவட்டத்தில் நின்று ஜெயித்தார். அதே தேர்தலில்தான் சீன அமெரிக்கரான கார்டன் லாவும், எல்லா ஹில் ஹட்ச் என்ற கருப்பினப் பெண்மணியும் வந்தார்கள். மில்க்கைச் சுட்ட டான் வைட்டும் அதே முறையில்தான் வேறொரு மாவட்டத்திலிருந்து வந்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அதனால் என் முதல் அறிவுரை: வேட்பாளரின் பெட்டியோடு நிறுத்தாதீர்கள், அந்தத் தேர்தலின் விதிகளையும் வாக்குச்சாவடி வாரியான எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வேட்பாளரின் கடிதங்களை மட்டும் படித்தால் எல்லாமே மன உறுதியாகத் தெரியும். எண்களோடு சேர்த்துப் படித்தால்தான் எந்தத் தெருவில் யார் ஓட்டுப் போட்டார்கள், எந்தச் சங்கம் ஆதரவு கொடுத்தபின் எந்தப் பகுதியில் எண்ணிக்கை ஏறியது என்று கேட்கவே தோன்றும். உதாரணத்துக்கு, லாரி ஓட்டுநர்கள் சங்கம் கூர்ஸ் பீரைப் புறக்கணிக்கச் சொன்னபோது மில்க் காஸ்ட்ரோவின் பார்களை அதில் சேர்த்துவிட்டார், பதிலுக்குத் தொழிற்சங்கங்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பார்க்கத் தொடங்கின. தன்பாலீர்ப்பாளர்களும் லாரி ஓட்டுநர்களும் ஒரே மேடையில் என்பது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை. இப்படிப்பட்ட கூட்டணியின் தடம் வேட்பாளரிடம் இருப்பதைவிடத் தொழிற்சங்கத்தின் காகிதங்களில் அதிகம் இருக்க வாய்ப்புண்டு, அங்கேயும் தேட வேண்டும்.

மில்க் ஜெயிப்பதற்குப் பதினாறு வருடம் முன்னால் ஒருவர் நின்றார், அவரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. ஹோசே சாரியா. பிளாக் கேட் என்ற பாரில் பெண் வேடத்தில் பாடி ஆடிய கலைஞர். 1961இல், தன்பாலீர்ப்பாளர் என்று யாரும் சந்தேகமில்லாமல் அறிந்த நிலையில், அதே சூப்பர்வைசர் பதவிக்கு மனு கொடுத்தார். அமெரிக்காவில் எந்தப் பதவிக்கும் அப்படி வெளிப்படையாக நின்ற முதல் ஆள் அவர்தான். காலி இடம் ஐந்து, மனுத்தாக்கலின் கடைசி நாளில்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது, ஐந்து பேர்கூட மனு போடவில்லை, இப்படியே விட்டால் சாரியா போட்டியில்லாமல் உள்ளே வந்துவிடுவார் என்று. சாயங்காலத்துக்குள் 34 வேட்பாளர்கள். சாரியா சுமார் 6,000 வாக்கு வாங்கி ஒன்பதாவதாக வந்தார். தோல்விதான். ஆனால் தன்பாலீர்ப்பாளர்களின் ஓட்டு என்று ஒன்று இருக்கிறது, அதை எண்ண முடியும் என்பது அன்றைக்கு ஊருக்கே தெரிந்துபோனது, அதற்குப் பிறகு வேட்பாளர்கள் அந்த பார்களுக்குள் வந்து ஓட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். சாரியாவின் சேகரிப்பு ஜிஎல்பிடி வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. பாடகர், கலைஞர் என்ற தலைப்பில் மட்டும் தேடினால் அந்தத் தேர்தல் கண்ணில் படாமல் போய்விடும். அந்தக் காலத்தில் இவர்களுக்குத் தனிக் கட்சி அலுவலகம் கிடையாது, பாரும் கடையும் நாடக மேடையும்தான் அலுவலகம். ஆகவே கலைஞர்களின் பெட்டியிலும் மதுக்கடைக்காரர்களின் பெட்டியிலும் அரசியலைத் தேடுங்கள்.

நாட்டின் மறுகோடியில் ஃபிராங்க் கேமனி. வானியல் படித்தவர், ராணுவ வரைபடத் துறையில் வேலை, 1957இல் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக வேலையை விட்டே நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார், 1965இல் வெள்ளை மாளிகை வாசலில் பதாகை பிடித்து நின்றார், 1971இல் வாஷிங்டன் நகரத்தின் சார்பில் காங்கிரசுக்கு அனுப்பும் வாக்கில்லாப் பிரதிநிதி பதவிக்குப் போட்டியிட்டார். ஆறு பேரில் நான்காவது. அந்தப் பிரசாரத்துக்காகச் சேர்ந்தவர்கள் தோற்றபின் கலைந்துபோகாமல் ஒரு நிரந்தர அமைப்பாக மாறி, அடுத்தடுத்த நகரத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளரையும் கேள்வி கேட்கும் சக்தியானார்கள். கேமனி எதையும் தூக்கிப் போடாத மனிதர். பதாகைகள் முதற்கொண்டு வீட்டின் பரணில் போட்டு வைத்திருந்தார். 2006இல் சுமார் 70,000 தாள்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின, பதாகைகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு. எந்த அரசாங்கம் அவரை வேலைக்கு லாயக்கில்லை என்றதோ அதே அரசாங்கத்தின் நூலகம் அவருடைய கடிதங்களை வரிசை எண் போட்டுப் பாதுகாக்கிறது.

வெற்றிகளிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1974 ஏப்ரலில், மில்க்குக்கு மூன்று வருடம் முன்பே, மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகர மன்றத்துக்கு கேத்தி கோசசெங்கோ என்ற கல்லூரி மாணவி வெளிப்படையான லெஸ்பியனாக நின்று ஜெயித்துவிட்டார். வித்தியாசம் 52 வாக்குகள். மனித உரிமைக் கட்சி என்ற சின்னக் கட்சி, அதே கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் அதற்கு முந்தைய வருடமே பதவியில் இருந்தபடி தங்களை வெளிப்படுத்திக்கொண்டவர்கள். அந்தக் கட்சியின் ஆவணங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பென்ட்லி நூலகத்தில் உள்ளன, அதாவது அங்கே கிடைப்பது 'தன்பாலீர்ப்பாளர்' என்ற தலைப்பின் கீழ் அல்ல, வாடகைக் கட்டுப்பாடு, மாணவர் வாக்குரிமை பேசிய ஒரு கட்சியின் பெயரின் கீழ். எனக்கு இதைப் படித்தபோது வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டு ஞாபகம் வந்தது. 2022இல் திமுக சார்பில் நின்ற கங்கா நாயக் அங்கே 15 வாக்குகள் வித்தியாசத்தில் ஜெயித்தார். பதினைந்து வாக்கு என்பது இரண்டு மூன்று வீடு. அந்தத் தெருக்களில் என்ன பேசினார்கள், என்ன அச்சடித்தார்கள், யார் கூட நடந்தார்கள் என்பது நாளைக்கு ஒரு பெட்டிக்குள் இருக்குமா என்பதுதான் என் கவலை.

காப்பகம் உருவான கதையில் நோயும் சாவும் கலந்திருக்கின்றன, அதைத் தாண்டிப் போக முடியாது. ஜிஎல்பிடி வரலாற்றுச் சங்கம் 1985இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் வில்லி வாக்கர், எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். சுற்றிலும் இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பல வருடமாகத் தொடர்பே இல்லாத குடும்பம் ஊரிலிருந்து வந்து அறையைக் காலி செய்யும்போது கடிதம், படம், நாட்குறிப்பு எல்லாம் குப்பைக்குப் போகும். அதில் எத்தனை பேர் 1977இல் துண்டறிக்கை கொடுத்தவர்களாக இருந்திருப்பார்கள்? காஸ்ட்ரோவின் வாரப் பத்திரிகையான 'பே ஏரியா ரிப்போர்ட்டர்' 1971இலிருந்து வருகிறது, பழைய இதழ்களை இணையத்தில் தேடிப் படிக்கலாம். எண்பதுகளில் அதில் பக்கம் பக்கமாக இரங்கல் குறிப்புகள். 1998 ஆகஸ்டில் ஒரு வாரம் 'இரங்கல் குறிப்பு ஏதும் இல்லை' என்பதையே முதல் பக்கத் தலைப்பாகப் போட்டார்கள். நான் ஒரு பிரசாரக் குழுவின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரங்கல் பக்கங்களில் ஒவ்வொருவராகத் தேடியிருக்கிறேன். இதைச் செய்யும்போது இடைவேளை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள், வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். ஆய்வு முறை பற்றிச் சொல்லும் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் வேண்டும்.

அப்புறம், யார் இல்லை என்று கவனியுங்கள். பெட்டிகளில் வெள்ளை ஆண்களின் காகிதம் மலை போல இருக்கும். பெண்கள், கருப்பினத்தவர், ஆசியர்கள், திருநர்கள் பிரசாரத்தில் இருந்தார்கள், படங்களில் தெரிகிறார்கள், ஆனால் அவர்கள் பெயரில் பெட்டி குறைவு. ஒன்று வைக்க இடமில்லை, அல்லது தன் காகிதத்துக்கு மதிப்பிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பெட்டி இருந்தாலும் வேறு ஊரில் இருக்கலாம். 1978இல் தன்பாலீர்ப்பாளர்கள் பள்ளி ஆசிரியராக இருக்கக் கூடாது என்று செனட்டர் பிரிக்ஸ் கொண்டுவந்த ஆறாம் முன்மொழிவை எதிர்த்து, மில்க்கோடு சேர்ந்து மேடையில் விவாதித்தவர் சாலி கியர்ஹார்ட். மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அந்த முன்மொழிவு தோற்றது, அதில் அவருடைய பங்கு பெரிது. அவருடைய காகிதங்கள் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் தேடுகிறவர் அந்த வெற்றியை ஒற்றை ஆளின் வெற்றியாகத்தான் எழுதுவார். ஒரு நபரைப் பின்தொடர்ந்தால் காகிதம் எங்கே போனதோ அங்கே நாமும் போக வேண்டும், மின்னஞ்சலிலாவது.

எளிதில் கிடைக்கும் ஒன்றையும் சொல்கிறேன். தேர்தலுக்கு முன் நகரம் வாக்காளர்களுக்கு அனுப்பும் தகவல் கையேடுகளை அந்தப் பொது நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. வேட்பாளரின் சொந்த அறிமுகமும், அவரை முன்மொழிந்தவர்களின் பெயர்களும் தொழில்களும் அதில் உண்டு. ஒரு வேட்பாளர் தோற்ற வருடத்தின் பக்கத்தையும் அடுத்து நின்ற வருடத்தின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள், யார் விலகியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டே இதைச் செய்யலாம்.

படம் எடுக்கும் முறை: முதலில் பெட்டி எண், உறை எண் இருக்கும் லேபிளை ஒரு படம், பிறகு உள்ளே இருக்கும் தாள்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். பின்பக்கத்தில்தான் யாராவது தொலைபேசி எண்ணோ கணக்கோ கிறுக்கியிருப்பார்கள். அன்று இரவே கணினியில் அந்த எண்களோடு பெயர் வைத்துவிடுங்கள், தள்ளிப் போட்டால் எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எடுத்த எல்லாவற்றையும் வெளியே போடக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. நன்கொடைப் பட்டியலில் ஐந்து டாலர் கொடுத்த ஒரு ஆசிரியரின் பெயர் இருக்கும், அவர் தன் வாழ்நாள் முழுக்க வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் இன்னும் உயிரோடு இருக்கலாம், அவருடைய பிள்ளைகள் இருக்கலாம். காப்பகம் அனுமதிக்கிறது என்பதற்காக நாமும் இணையத்தில் ஏற்றலாம் என்று ஆகாது. வேட்பாளர்கள், பதவியில் இருந்தவர்கள் பெயரை எழுதலாம், கையெழுத்துப் போட்டுக் காசு கொடுத்த சாதாரண ஆட்களின் பெயரை நான் என் குறிப்பிலேயே மறைத்துவிடுகிறேன்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது, நிறைய இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் வேட்பாளர் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையம் தளத்தில் ஏற்றுகிறது. 2009 நவம்பரிலிருந்து வாக்காளர் பட்டியலில் 'மற்றவர்' என்று பதிவு செய்ய வழி வந்தது, அதன்பின் தொகுதிவாரியாக எண்ணிக்கையும் கிடைக்கிறது. 2016இல் ஆர்.கே.நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து நாம் தமிழர் கட்சி சார்பில் தேவி என்ற திருநங்கை நின்றாரே, 2020 ஜனவரியில் திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தில் திமுக சார்பில் ரியா ஜெயித்தாரே, இவர்களெல்லாம் அரசுப் பதிவேட்டில் இருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் கட்னி மேயராக ஜெயித்த கமலா ஜான், பெண்களுக்கு ஒதுக்கிய பதவியில் ஆண் நின்றார் என்று சொல்லி நீதிமன்றத்தால் பதவி இழந்தார். அவருடைய வழக்குக் கட்டும் ஒரு தேர்தல் ஆவணம்தான், பலர் அப்படி நினைப்பதில்லை. ஆனால் பதிவேட்டில் இருப்பது பெயர், சொத்து, வழக்கு, வாக்கு எண்ணிக்கை. அந்த ஆள் என்ன பேசினார், யார் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்பது அதில் இல்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு நமக்கு உதவும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நோட்டீஸ், சுவரொட்டி எதுவானாலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த வரியை வெட்டிவிடாமல் படம் எடுங்கள், எந்த ஊர் அச்சகம் என்பதை வைத்து மற்றவற்றைத் தேடிப் போகலாம். நோட்டீஸ் அச்சானதும் பத்துப் பிரதி எடுத்து ஒரு உறையில் போட்டு, பென்சிலில் தேதி, வார்டு, எத்தனை அடித்தோம், எங்கே கொடுத்தோம் என்று பின்னால் எழுதி வையுங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப், ரப்பர் பேண்ட், துருப்பிடிக்கும் பின் எதுவும் வேண்டாம். அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள், நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது முக்கியம். பூத் ஏஜென்ட் கடிதம், செலவுக் கணக்கு நோட்டு, டீக்கடை ரசீது, மனு நிராகரிக்கப்பட்டால் அந்த உத்தரவு, எதையும் அற்பம் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸ்ஆப் குழுவை ஏற்றுமதி செய்து படங்களோடு இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஏனென்றால் இன்றைக்குப் பிரசாரத்தின் பாதி அங்கேதான் நடக்கிறது, போன் உடைந்தால் அது போச்சு. தோற்ற ஒரு மாதத்துக்குள் வேட்பாளரையும் கூட நடந்த நாலு பேரையும் உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கதை மெருகேறிவிடும்.

கொடுப்பதற்கு இடமும் இருக்கிறது. பெங்களூரில் தேசிய சட்டப் பள்ளியில் இயங்கும் காம்ரா காப்பகம் பால்புதுமையினரின் ஆவணங்களுக்கென்றே உருவானது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுப் பொருட்களைப் பாதுகாப்பதில் நீண்ட அனுபவம் உள்ளது. எங்கே கொடுத்தாலும் எழுத்தில் ஒரு ஒப்பந்தம் வேண்டும்: எதை யார் பார்க்கலாம், எது எத்தனை வருடத்துக்கு மூடியிருக்க வேண்டும், பதிப்புரிமை யாருக்கு, பிறகு எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டா என்பதெல்லாம். இது கேட்க வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை, நல்ல காப்பகங்கள் தாமாகவே கேட்கும்.

என் தோழியின் 2022 பிரசாரத்தை இப்போது திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு ஓட்டுப் போட்ட ஒரு பாட்டி நோட்டீஸை மளிகைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தார், கொடுத்துவிட்டார். ஆட்டோவில் மைக் கட்டிப் போன தம்பியின் பழைய போனில் பிரசாரப் பேச்சு இரண்டு இருந்தது. வேட்புமனு நகலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்று போனில் நீண்ட நேரம் பேசினோம். நோட்டீஸ், பேச்சு, செலவுக் கணக்கு மூன்றும் இப்போதே யாரும் பார்க்கலாம். கூட உழைத்த பெண்களின் வாட்ஸ்ஆப் குரல் பதிவுகள் மட்டும் இருபது வருடம் மூடியிருக்க வேண்டும் என்றாள், அவர்களில் சிலர் இன்னும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அந்த இரண்டு நிபந்தனைகளையும் எழுதி அனுப்பியிருக்கிறேன், காப்பகத்தின் பதில் வந்ததும் பெட்டி போகும்.